பள்ளி பேண்டுக்கு அரேஞ்சர் தேடுகிறீர்களா?

சுதந்திர தினமோ விளையாட்டு விழாவோ நெருங்கும்போதுதான் பல பள்ளிகளுக்கு பேண்டு ஞாபகம் வரும். "புதுசா ரெண்டு பாட்டு சேர்க்கணும் சார், யாராவது எழுதித் தருவாங்களா?" என்று போன் வரும். பாட்டை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரித்து எழுதித் தருகிற ஆள், அதாவது அரேஞ்சர், நிறைய இருக்கிறார்கள். கீபோர்டில் ஒரு சினிமாப் பாட்டை வாசித்தால் சாஃப்ட்வேரே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பார்ட் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினால் பிரமாதமாகவும் இருக்கும். மைதானத்தில் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். கம்ப்யூட்டருக்கு மூச்சும் வாங்காது, உதடும் வலிக்காது.

ஹார்மனி (ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) தெரிந்திருக்க வேண்டும், ராகம் தெரிந்திருக்க வேண்டும், சரி. அதற்கு மேல், வாசிக்கிறவர் நடந்துகொண்டிருக்கிறார் என்பதை ஒவ்வொரு பாரிலும் (தாளக் கட்டத்திலும்) நினைத்து எழுதுகிறவர்தான் அணிவகுப்பு பேண்டுக்கு அரேஞ்சர். என்னிடம் சரிபார்க்க வரும் ஸ்கோர்களில் (எல்லா வாத்தியத்தின் பார்ட்டும் சேர்ந்த தாள்களில்) பெரும்பாலும் இல்லாதது இதுதான்.

முதலில் கால். குயிக் மார்ச் நிமிடத்துக்கு 120 அடி என்ற அளவில் போகும். பேஸ் டிரம்மின் கனத்த அடி இடது காலில் விழ வேண்டும். இரண்டு, நான்கு எண்ணிக்கைப் பாட்டுகளில் சிக்கல் இல்லை. திஸ்ர நடைப் பாட்டும் பொருந்திவிடும், காலடிக்கு மூன்று எண்ணிக்கை என்று வைத்தால் அதுதான் 6/8 மார்ச். மிஸ்ர சாப்பில் ஒரு பாட்டைக் கொண்டுவந்து 'அப்படியே போடுங்க' என்பார்கள். ஏழு எண்ணிக்கை. அடிக்கு ஒரு எண்ணிக்கை வைத்தால் முதல் ஆவர்த்தனம் (தாளச் சுற்று) இடது காலில் தொடங்கும், அடுத்தது வலது காலில். பாட்டின் அழுத்தத்தைப் பின்பற்றுவதா, காலைப் பின்பற்றுவதா என்று தெரியாமல் வரிசையே தடுமாறும். 'இதை நின்று வாசிக்கிற இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லத் தெரிந்த அரேஞ்சரை நம்பலாம்.

அப்புறம் ஸ்ருதி. ஒரிஜினல் பாட்டு ஈ மேஜரில் இருந்தால் அதையே எழுதிவிடுகிறார்கள். ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள், ஒலிப்பதைவிட ஒரு முழு ஸ்வரம் மேலே எழுத வேண்டும். அவர்கள் தாளில் ஆறு ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி) வந்து உட்காரும். ஆல்டோ சாக்ஸபோன்காரர் தாளில் ஏழு. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இது தேவையா? அரை ஸ்வரம் இறக்கி ஈ ஃபிளாட்டில் வைத்தால் ட்ரம்பெட்டுக்கு ஒரே ஒரு ஃபிளாட் (அரை ஸ்வரம் இறக்கும் குறி), ஆல்டோவுக்கு ஒன்றுமே இல்லை. கேட்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பாடகரின் ஸ்ருதியைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இங்கே இல்லையே. கிளாரினெட்டில் இன்னொன்றும் உண்டு: நடு ஏ-யிலிருந்து அடுத்த பி-க்குப் போக, கிட்டத்தட்ட எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். அந்த இரண்டு ஸ்வரத்துக்கும் இடையே வேகமாகப் போய்வரச் சொல்லி எழுதியிருந்தால், எழுதியவர் கிளாரினெட்டைக் கையில் எடுத்ததில்லை என்று அர்த்தம்.

மூச்சைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சமீபத்தில் பார்த்த ஒரு ஸ்கோரில் முதல் ட்ரம்பெட்டுக்கு 4/4-இல் (பாருக்கு நான்கு எண்ணிக்கை) 32 பார், நடுவில் ஒரு ஓய்வுகூடக் கிடையாது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும். அதில் பாதி, ஸ்டாஃபுக்கு (ஸ்வரம் எழுதும் ஐந்து கோட்டுக்கு) மேலே இருக்கும் ஜி-யைச் சுற்றியே. வெயிலில் நடந்துகொண்டு இதை ஊதினால் இருபதாவது பாரில் உதடு விட்டுவிடும், ஸ்வரம் இறங்கும், பிறகு மூச்சை அழுத்தி ஊதுவார்கள், இன்னும் கெடும். பாட்டை மாற்றவில்லை, இரண்டாவது எட்டு பாரில் மெலடியைக் கிளாரினெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் கொடுத்து ட்ரம்பெட்டை நிறுத்தினேன். மூன்றாவது எட்டில் ட்ரம்பெட்டுக்கு இடையிடையே சின்னச் சின்னப் பதில் மட்டும். கடைசி எட்டில் முழுக்க வந்தது. பிள்ளைகள் களைக்கவில்லை என்பதோடு, அந்தக் கடைசி எட்டு பார்தான் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

நடந்துகொண்டு ஊதுவது நமக்குப் புதிதல்ல, சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் மல்லாரி வாசித்துக்கொண்டே வருகிறார். ஆனால் அவருக்கு லெஃப்ட் ரைட் கிடையாது, கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்துக் குழைப்பதற்கு) தோதான சீவாளியும் (நாணல் ஊதுவாயும்) வாயில் இருக்கிறது. மூன்று வால்வு வைத்த ட்ரம்பெட்டில் பாடகரின் ஒவ்வொரு குழைவையும் எழுதினால் சேறுதான் மிஞ்சும். நேர் ஸ்வரமாக நிற்கக்கூடிய பாட்டைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு சாகித்யங்களைப் பாருங்கள். சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் இல்லை, பல மெட்டுகள் ஐரோப்பியர்களிடமிருந்து வந்தவை. தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு அருமையாகப் பொருந்தும். மூன்று எண்ணிக்கை மெட்டுகளும் அதில் உண்டு, பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டு ஒன்று. அவற்றில் அடிக்கு ஒரு எண்ணிக்கை வைத்தால் அழுத்தம் கால் மாறி விழும், பார்த்து எடுக்க வேண்டும்.

திறந்தவெளிக்குச் சுவர் இல்லை. நான்கு பகுதியாகப் பிரித்த மெல்லிய ஹார்மனி காற்றில் போய்விடும். அதைவிட மெலடியை இரண்டு வாத்தியத்தில் இரட்டித்து, கீழே கனமாக ஒரு பேஸ் லைன் போதும். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம் பத்தில் ஒரு நொடி தாமதமாகக் கேட்கும். அரை நொடிக்கு ஒரு அடி என்ற வேகத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு அடி. நீண்டு பரந்து நிற்கும் பேண்டுக்கு வேகமான சங்கதிகளை எல்லோருக்கும் எழுதிவைப்பது ஏன் கூழாகிறது என்பதற்கு இதுதான் கணக்கு.

தேசிய கீதத்தில் மட்டும் யாரும் கற்பனையைக் காட்ட வேண்டாம். முழுப் பாடல் சுமார் 52 நொடி. பேண்டு வாசிக்கும்போது முன்னால் மெதுநடையில் ஏழு அடி நேரத்துக்கு டிரம் உருட்டல், மெல்லத் தொடங்கி உயர்ந்து மீண்டும் தணிந்து, ஒரு அடி இடைவெளி, அதன் பிறகு கீதம். மத்திய அரசின் ஆணையிலேயே இது இருக்கிறது.

சினிமாப் பாட்டுக்கு உரிமை விஷயமும் உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி இசையை அரேஞ்ச் செய்வதும் உரிமையாளரின் உரிமைக்குள் வருகிறது. பள்ளிக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னால் மட்டும் வாசிப்பதற்கு விலக்கு இருக்கிறது; அந்த ஸ்கோரை அச்சடித்து நாலு பள்ளிக்கு விற்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது. உரிமையாளரின் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று விற்கிறவரிடம் கேளுங்கள்.

பேசி முடிப்பதற்கு முன் இன்னொன்றும் பாருங்கள். உங்கள் பேண்டில் யார் யார் இருக்கிறார்கள், மேலே எதுவரை ஊதுவார்கள் என்று அரேஞ்சர் தானாகக் கேட்கிறாரா? பார்ட் எல்லாம் வாத்தியத்தில் மாட்டுகிற சின்ன அட்டைக்குள் அடங்குமா? நடக்கும்போது பக்கம் திருப்ப முடியாது. இரண்டாவது ஒத்திகைக்கு நேரில் வந்து, கேட்டுவிட்டு, பென்சிலால் திருத்திக் கொடுப்பேன் என்கிறவர் கிடைத்தால் பேரம் பேசாதீர்கள். பஸ் செலவையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.