கல்லைவிடக் கயிற்றைப் பாருங்கள்

நியூசிலாந்தில் நகை பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பதால், இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் பௌனமு என்னும் பச்சை நிறக் கல்லில் செதுக்கும் பதக்கங்கள் அடிக்கடி என் கைக்கு வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் கல்லுக்கு மெருகேற்றித் தரச் சொல்வார்கள். கல் நன்றாகத்தான் இருக்கும், இற்றுப்போயிருப்பது கயிறு.

பௌனமுவில் பெரும்பகுதி நெஃப்ரைட் வகை ஜேட். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோ அளவுகோலில் அது 6 முதல் 6.5 வரைதான். ஆனால் நுண்ணிழைகள் பின்னிக் கிடப்பதால் எளிதில் உடையாது. அந்த உறுதிக்காகவே முன்னோர் அதில் உளியும் வாய்ச்சியும் செய்தார்கள். தென் தீவின் மில்ஃபோர்ட் சவுண்டில் கிடைக்கும் தாங்கிவாய் என்ற பௌனமு வகை மட்டும் வேறு கனிமம். ஒளி ஊடுருவும் அழகு உண்டு, கீறலும் சீக்கிரம் விழும்.

அருங்காட்சியகங்களில் உள்ள பழைய ஹே திகி என்னும் மனித உருவப் பதக்கங்கள் சிலவற்றில், தொங்கவிடும் துளை தேய்ந்து அறுந்துபோய், வேறிடத்தில் புதிதாகத் துளையிட்டிருப்பார்கள். தலைமுறைகளாக நார்க்கயிற்றில் கோத்து அணிந்ததன் தடம் அது. நார் கல்லையே தின்னும் என்றால், கல் நாரை விட்டுவைக்குமா? இன்று பெரும்பாலும் மெழுகிட்ட நூல் பின்னல்தான். துளை விளிம்பில் உரசும் இடத்தையும் பின்கழுத்து முடிச்சையும் அவ்வப்போது பாருங்கள். பிசிறு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். தங்கச் சங்கிலியில் மாட்டித் தரக் கேட்பவர்களுக்கு நான் இணங்குவதில்லை. உலோக வளையம் துளை விளிம்பைச் சிதைக்கக்கூடும்.

உடலோடு ஒட்டி அணிவதே மரபு. அணிபவரின் மனா, அதாவது ஆன்ம வலிமை, கல்லில் சேர்கிறது என்பது நம்பிக்கை. தோலின் எண்ணெய்ப்பசையும் கல்லுக்கு மினுமினுப்பைத் தருகிறது. தனியாக எண்ணெய் பூச வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். நீச்சல்குளத்துக் குளோரினும் வாசனைத் திரவியமும் கயிற்றுக்கு ஆகாது.

வாங்குவதானால், கல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி தென் தீவின் பெரும்பகுதியில் இயற்கையாகக் கிடக்கும் பௌனமு, ஙாய் தாஹு என்ற மாவோரி இனக்குழுவுக்கு உரியது. வெளிநாட்டு ஜேட்டில் மாவோரிச் சுருள் வடிவங்களைச் செதுக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். தனக்குத்தானே வாங்கக் கூடாது, பரிசாகத்தான் வர வேண்டும் என்றும் சொல்வார்கள். செதுக்குபவர்கள் எல்லோரும் அதில் அவ்வளவு கண்டிப்பாக இல்லை.

உடைந்தால் பசை போட்டு ஒட்டாதீர்கள். செதுக்கியவரிடமே துண்டுகளைக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் அதிலிருந்து சிறிய பதக்கம் ஒன்றைச் செய்துவிடலாம்.