கண்மாயைத் தோண்டும் முன் வரத்துக்காலில் நடந்து பாருங்கள்

சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் ஊர் ஊராகக் கேட்கும் குறை இது: "இவ்வளவு செலவு பண்ணித் தூர்வாரியும் கண்மாய் பெருகலையே!" தோண்டியது கண்மாயை. அடைபட்டிருந்ததோ கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால்.

கண்மாய்க்குள் விழும் மழையால் மட்டும் கண்மாய் நிறையாது. மேலே இருக்கும் நூறு ஹெக்டேர் மேய்ச்சல் காட்டிலிருந்து வெறும் 10 மில்லிமீட்டர் தண்ணீர் வழிந்து வந்தாலே 1 கோடி லிட்டர். அந்த மேய்ச்சல் நிலம் மனையாகி, ஓடையின் குறுக்கே மண்சாலை போட்டுவிட்டால், தண்ணீர் மனைகளுக்குள் தேங்கி நிற்கும். கீழே கண்மாய் காய்ந்து கிடக்கும்.

முதல் வேலை ஆவணம். கிராம வரைபடம், அ-பதிவேடு (புல எண்வாரியான நிலப் பட்டியல்), புலப்படம் (ஒவ்வொரு புல எண்ணின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுங்கள். வாய்க்கால், ஓடை என்று வகைப்படுத்திய புல எண்களைக் குறித்துக்கொண்டு, கண்மாய் வாயிலிருந்து மேல்நோக்கி நடங்கள். வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் பழைய நீர்ப்பாய்ச்சி ஒருவர் உடன் வந்தால், காகிதத்தில் இல்லாததையும் காட்டுவார்.

நடக்கும்போது பாலங்களை நின்று பாருங்கள். மூன்று மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள வாய்க்காலில் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் குழாய் பதித்திருப்பார்கள். குழாயின் வாய், வாய்க்காலின் வெட்டுப்பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாலு முள் கொப்பு வந்து சிக்கினால் அதுவும் போச்சு. இன்னொரு தவறு, பாலத்தின் தளத்தை வாய்க்கால் தரையைவிட ஓர் அடி உயர்த்திக் கட்டுவது. அந்த ஓர் அடி தண்ணீர் மேலேயே நின்றுவிடும். சிறுமழைத் தண்ணீர் கண்மாய்க்கு வந்தே சேராது. நூல் மட்டம் பிடித்தால் அரை மணியில் தெரிந்துவிடும்.

வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம்தான். தரையோடு வெட்டினால் அடுத்த ஆண்டு புதராகத் தழைக்கும். துளிர்க்கும் மொட்டுகள் வேர்க்கழுத்தில் இருக்கின்றன. ஓர் அடி ஆழம் பறித்துத் தூரோடு எடுக்க வேண்டும். காயைத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்திலிருந்து மறுபடி முளைக்கும் கன்றுகளை, மழை ஈரம் இருக்கும்போதே கையால் பிடுங்கிவிடலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் தூர்வாரும் வேலை. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் தளத்துக்குக் கீழே தோண்டும் பள்ளத்துத் தண்ணீர் வயலுக்குப் பாயாது, ஆடுமாடுகளுக்கும் நிலத்தடி ஊற்றுக்கும் மட்டுமே உதவும். கரையடியிலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளியே மண் எடுங்கள். கரையை ஒட்டிப் பறித்தால் கரை சரியும், கசியும். களிமண் அடுக்கைத் தாண்டி மணல் தெரியும்வரை தோண்டவே கூடாது, சேர்ந்த தண்ணீர் அதன் வழியே இறங்கிவிடும்.

எடுத்த வண்டல் வயலுக்குப் போகட்டும். வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி, நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் எடுக்கலாம். 75 கன மீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனம்கூட வராது, ஆனால் மணல்சாரி நிலத்தில் ஈரம் கூடுதல் நாள் நிற்பது கண்ணுக்குத் தெரியும்.

கண்மாயின் உள்வாயை, அதாவது தண்ணீர் நிற்கும் பரப்பை, ஆக்கிரமித்துப் பயிர் வைத்த ஊர்களில், பயிர் மூழ்காமலிருக்கக் கலுங்கை (மிகுதித் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) உடைத்துத் தாழ்த்திவிடுகிறார்கள். அந்தக் கண்மாயை எவ்வளவு தோண்டினாலும் தண்ணீர் கலுங்கு மட்டத்துக்கு மேல் ஏறாது. எதிர்மாறாக மணல்மூட்டை அடுக்கிக் கலுங்கை உயர்த்துவது கரையை உடைக்கும்.

ஐப்பசி முதல் பெருமழை அன்று இரண்டு பேர் மண்வெட்டியோடு தண்ணீரின் முன்னால் வரத்துக்காலில் நடந்து வரட்டும். எங்கே தேங்குகிறதோ அங்கே குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அடுத்த கோடையில் முதல் வேலை அந்த இடத்தில்தான்.