டிரான்ஸ்கோடிங்: மறுகுறியேற்றமும் உறைமாற்றமும்

பழைய வீடியோ கைப்பேசியில் ஓடவில்லை என்றால் “கன்வெர்ட் பண்ணு” என்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று சில விநாடிகளில் முடியும், படத்துக்குச் சேதமில்லை. மற்றதற்கு நேரமும் ஆகும், தரமும் கொஞ்சம் போகும். டிரான்ஸ்கோடிங் என்பது இரண்டாவது.

‘டிரான்ஸ்’ என்றால் இலத்தீனில் கடந்து, அப்பால். ‘கோட்’ வந்தது ‘கோடெக்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து. அது முதலில் அடிமரத்தைக் குறித்தது. பிறகு மரப்பலகைகளைச் சேர்த்துக் கட்டிய ஏடு, சட்டத் தொகுப்பு என்று நகர்ந்து கடைசியில் குறியீட்டில் வந்து நின்றது. கூடவே அடிபடும் ‘கோடெக்’ (படத்தையோ ஒலியையோ சுருக்கி எழுதி, ஓட்டும்போது விரிக்கும் முறை) வேறு வகை: கோடர், டிகோடர் இரண்டையும் வெட்டி ஒட்டியது, மோடம் பிறந்த மாதிரி.

தமிழில் ‘குறியாக்கம்’ பரவலாக இருக்கிறது. ஆனால் என்கிரிப்ஷனுக்கும் அதையே எழுதுகிறவர்கள் உண்டு, குழப்பம் வரும். டிஸ்கி (பழைய தமிழ் எழுத்துக் குறியேற்றம்), ஒருங்குறி (யூனிகோடு) காலத்திலிருந்தே பழகிய ‘குறியேற்றம்’ இருக்கிறதே! அதன்படி டிரான்ஸ்கோடிங்கை ‘மறுகுறியேற்றம்’ எனலாம். ஒரு வேறுபாடு மட்டும்: டிஸ்கி உரையை ஒருங்குறிக்கு மாற்றினால் ஓர் எழுத்தும் குறையாது. வீடியோவில் வழக்கமான மறுகுறியேற்றம் ஒவ்வொன்றிலும் ஏதாவது உதிரும்.

ஏவிஐ, எஃப்எல்வி, எம்பி4 எல்லாம் உறைகள்தான். உள்ளே படத்துக்கு ஒரு கோடெக், ஒலிக்கு ஒரு கோடெக். உள்ளே இருப்பதைத் தொடாமல் வேறு உறையில் போடுவது ரீமக்ஸ். ‘உறைமாற்றம்’ என்றால் அச்சாகப் பொருந்தும். கோப்புப் பெயரின் வாலை எம்பி4 என்று திருத்துவது இரண்டிலும் சேராது.

எது தேவை என்று அறிய, கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்து கண்ட்ரோல், ஜே விசைகளை அழுத்துங்கள். படம் எச்.264, ஒலி ஏஏசி (கைப்பேசிகள் ஏற்கும் கோடெக்குகள்) என்று காட்டினால் உறைமாற்றம் போதும். 2007 இறுதியில் ஃபிளாஷ் பிளேயர் எச்.264-ஐ ஏற்கத் தொடங்கியதால், அதற்குப் பிந்திய எஃப்எல்வி கோப்புகள் பலவற்றில் இதுதான் இருக்கும். அவிடெமக்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் படம், ஒலி இரண்டுக்கும் ‘காப்பி’ வைத்து, வெளியீட்டில் எம்பி4 மக்ஸரைத் தேர்ந்து சேமியுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற மாற்று மென்பொருள் இதற்கு உதவாது; அது படத்தை எப்போதும் மறுகுறியேற்றமே செய்யும். சோரன்சன், விபி6, எச்.263 என்ற பழைய கோடெக்குகள் வந்தால் வேறு வழியில்லை, மறுகுறியேற்றம்தான்.

நம் வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கும் கல்யாண விசிடியும் இந்த வகை. எம்பெகேவி என்ற கோப்புறையில் டிஏடி (.dat) என முடியும் பெரிய கோப்பு இருக்கும். உள்ளே எம்பெக்-1: 352×288 புள்ளிகள், விநாடிக்கு 25 சட்டகம், 1,150 கிலோபிட். நகலெடுக்கும்போதே பாதியில் நின்றுவிடுவது வழக்கமான தொல்லை. காரணம், ஒரு வட்டில் கூடுதல் நேரம் பிடிக்கட்டும் என்று விசிடியின் வீடியோப் பகுதிகளில் பிழைதிருத்தத் தரவை விட்டுவிட்டார்கள். சிறு கீறலைப் பிளேயர் தாண்டிப் போய்விடும். கணினியின் நகல் கட்டளை முரண்டு பிடிக்கும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். அப்படியும் நின்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், அல்லது வட்டிலிருந்து கோப்பை மீட்கும் ஐஸோபஸ்டர் மென்பொருளில் எடுங்கள்.

நகலை ஹேண்ட்பிரேக்கில் கொடுத்து எச்.264, ஏஏசி, எம்பி4 என்று அமையுங்கள். தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண் 18 முதல் 20 வரை. எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் எடையும் ஏறும். 24, 25 என்று போனால் ஏற்கெனவே கட்டம் கட்டமாகத் தெரியும் முகங்கள் இன்னும் மெழுகிப் போகும். விசிடியின் புள்ளிகள் சரியான சதுரமல்ல. விகிதம் 4:3 என்றே இருக்கிறதா என்று முன்னோட்டத்தில் பாருங்கள், இல்லையென்றால் மணமக்கள் ஒல்லியாகிவிடுவார்கள். 1080-க்குப் பெரிதாக்க வேண்டாம். இல்லாத நுணுக்கம் வராது, கோப்புதான் பெருக்கும்.

முடிந்ததும் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டி, நாதஸ்வரமும் விரலசைவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒலி விலகல் முதல் நிமிடத்தில் தெரியாது. மூலக் கோப்பை அழிக்காதீர்கள்: நாளைக்கு இன்னொரு கோடெக்குக்கு மாற்ற நேர்ந்தால் மூலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், இந்த எம்பி4-இலிருந்து அல்ல.