கண்வலிக்கிழங்கும் இதயத்து மண்சரிவும்

பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில், ஒட்டன்சத்திரம் பக்கம் போனால், கம்பிகளில் பற்றி ஏறியிருக்கும் கண்வலிக்கிழங்குக் கொடியைப் பார்க்கலாம். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. காலை வேளையில் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைப்பார்கள். காசு பார்ப்பது பூவில் அல்ல, விதையில். அதிலிருந்துதான் கோல்ச்சிசின் எடுக்கிறார்கள். யூரிக் அமிலம் சேர்ந்து கால் பெருவிரல் வீங்கும் கவுட் நோய்க்குப் பழைய மருந்து. அதை மாரடைப்பு வந்தவர்களுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீங்கிய விரலுக்கான மருந்துக்கு இதயத்தில் என்ன வேலை?

மலைப்பாதையில் நடப்பது போல மாரடைப்பும் ஒரு மண்சரிவுதான். ரத்தக்குழாய் அடைபட்டு, இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போகிறது. செத்த செல்களிலிருந்து கசியும் பொருள்களை மோப்பம் பிடித்து, சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து இறங்கும். சரிந்த மண்ணை அள்ள மலைப்பாதைக்கு ஜேசிபி வருகிற மாதிரி. இடிபாட்டை அள்ள இவை வேண்டும். ஆனால் வேலை மும்முரத்தில் பக்கத்திலுள்ள நல்ல தசையையும் அரித்துவிடும்.

அங்கே கிளம்பும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சித் தூதுப் புரதம், இன்டர்லூகின்-6 என்ற இன்னொரு தூதுப் புரதத்தைத் தூண்டும். அது ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போனதும் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் அளவு உச்சத்துக்குப் போகும். ரத்தப் பரிசோதனைத் தாளில் நாம் பார்ப்பது இந்த எண்ணைத்தான். இதயத்தில் ஊறுவது அல்ல இது. அடிவாரத்துப் பெட்ரோல் பங்கின் டீசல் கணக்கு. மேலே எவ்வளவு வண்டி ஓடுகிறது என்று தூரத்திலிருந்து காட்டும். நிமோனியா வந்தாலும் ஏறும்.

கோல்ச்சிசின் கைவைப்பது வண்டியிலேயே. செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து நுண்குழல்களாக நீளும். வெள்ளணு உருமாறி இடுக்கில் நுழைந்து நகர இவை வேண்டும். கோல்ச்சிசின் டியூபுலினில் ஒட்டிக்கொண்டு கோர்வையை நிறுத்திவிடுகிறது. நியூட்ரோஃபில் தடுமாறுகிறது. இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தயார்செய்யும் புரதக் கூட்டும் ஒன்றுசேரத் திணறுகிறது. சங்கிலியின் கடைசியில் சிஆர்பி இறங்குகிறது.

சரி, எண் இறங்கினால் நோயாளி பிழைத்தாரா? 2019இல் வெளியான கோல்காட் ஆய்வில், மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் இருந்த 4,745 பேரில் ஒரு பாதிக்குத் தினமும் அரை மில்லிகிராம் கொடுத்தார்கள். இதய நோய் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை எல்லாம் சேர்ந்து மருந்து எடுக்காதவர்களிடம் 7.1 சதவீதம், எடுத்தவர்களிடம் 5.5 தான். எல்லோரும் குஷியானார்கள். 2023இல் இதய நோய்க்கு இதைக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. அப்புறம் 2024இல் ஏழாயிரம் பேருக்கு மேல் நடந்த கிளியர் ஆய்வு வந்தது. அதிலும் சிஆர்பி இறங்கியது. பாதிப்புகளோ மருந்து எடுத்தவர்களிடம் 9.1, எடுக்காதவர்களிடம் 9.3 சதவீதம். டீசல் செலவு குறைந்தது, பாதை அப்படியேதான் கிடந்தது. பரிசோதனைத் தாளில் எண் குறைந்ததைக் காட்டி மருந்தின் பெருமை பேசுபவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ஆய்வைப் பற்றித்தான்.

கிழங்கு ஏன் விஷம் என்பதற்கும் அதே டியூபுலின்தான் பதில். செல் இரண்டாகப் பிரியவும் நுண்குழல் வேண்டும். அளவு மீறினால் ஓயாமல் பிரியும் குடல் செல்களும் எலும்பு மஜ்ஜையும் முதலில் அடிவாங்கும். அதனால்தான் கிழங்கைத் தெரியாமல் தின்றவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் முதலில் பிடித்துக்கொள்கின்றன.