72 ஆண்டா, 100 ஆண்டா: பழைய கணக்கெடுப்புத் தாள்கள் எப்போது திறக்கலாம்?

2022-ஆம் ஆண்டில் இரண்டு பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் பொதுப் பார்வைக்கு வந்தன. ஜனவரி 6 அன்று இங்கிலாந்து, வேல்ஸின் 1921 கணக்கெடுப்பு. ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் 1950 கணக்கெடுப்பு. முதலாவதில் பெயர் இருந்து இன்றும் உயிரோடிருப்பவர்கள் நூறைத் தாண்டியவர்கள், மிகச் சிலரே. இரண்டாவதில் பெயர் இருக்கும் பலர் இன்னும் கார் ஓட்டுகிறார்கள், வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு அரசுகளும் ரகசியம் காப்போம் என்று சொல்லித்தான் தாள்களை நிரப்பின. அந்த ரகசியம் எத்தனை ஆண்டு செல்லும் என்பதில்தான் கணக்கு வேறுபடுகிறது: அமெரிக்காவில் 72, பிரிட்டனில் 100.

திறக்கப்படுவது மொத்த எண்ணிக்கை அல்ல. அது கணக்கெடுப்பு முடிந்த சில ஆண்டுகளிலேயே அச்சாகிவிடும். பூட்டி வைப்பது பெயர் எழுதிய மூலத் தாளை. 1950 அமெரிக்கத் தாளில் பக்கத்துக்கு 30 வரிகள், வரிக்கு ஒரு ஆள்: பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, வயது, பிறந்த மாநிலம், திருமண நிலை, வேலை. அந்த முப்பதில் ஆறு வரிகள் மாதிரி வரிகள். அவற்றில் யார் பெயர் விழுகிறதோ அவரிடம் மட்டும் படிப்பு, முந்தைய ஆண்டு வருமானம் வரை கூடுதலாகக் கேட்டார்கள். அதனால் ஒரே வீட்டில் அண்ணனின் வருமானம் தெரியும், தம்பியுடையது தெரியாது. தாளின் பின்பக்கத்தில் வீட்டைப் பற்றிய விவரங்கள் இருந்தன. அதை மைக்ரோஃபிலிம் (சிறிதாக்கிப் படம் பிடிக்கும் சுருள்) எடுக்காமலே விட்டுவிட்டார்கள், இனி அது கிடைக்காது.

அமெரிக்காவின் 1940 தாளில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பதில் சொன்னவர் யாரோ அவர் பெயருக்குப் பக்கத்தில், வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். வீட்டில் யார் பெயரிலும் அந்தக் குறி இல்லையென்றால் தகவல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அப்படிப்பட்ட வீட்டில் எழுதியிருக்கும் வயதை நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்குப் போடக் கூடாது.

அமெரிக்காவின் 72 ஆண்டு என்பது சராசரி ஆயுளை வைத்துப் போட்டது என்று பரவலாகச் சொல்வார்கள். அந்த விளக்கம் நிற்காது. கணக்கெடுப்புத் துறை இயக்குநரும் தேசிய ஆவணக் காப்பகத் தலைவரும் 1952-ல் கடிதம் மூலம் செய்துகொண்ட உடன்பாடு அது, 1978-ல் சட்டமானது. சராசரி ஆயுள்தான் அளவுகோல் என்று வைத்துக்கொண்டாலும் அது தவறான அளவுகோல். பிறக்கும்போது கணிக்கும் சராசரி ஆயுள், குழந்தையிலேயே இறந்தவர்களையும் சேர்த்துப் போட்ட எண். அதைத் தாண்டி வாழ்பவர்கள் பெரும் கூட்டம். 1940 கணக்கெடுப்பு 2012-ல் திறந்தபோது, அதில் பதிவான சுமார் 13.2 கோடிப் பேரில் 2.1 கோடிக்கு மேற்பட்டோர் உயிரோடிருந்தார்கள் என்று கணக்கெடுப்புத் துறையே சொன்னது. கிட்டத்தட்ட ஆறில் ஒருவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கணக்கெடுப்பின்போது குழந்தைகள், சிறுவர்கள். பதில் சொன்னது அவர்கள் அல்ல. ஆக 72 ஆண்டுப் பூட்டு, பதில் சொன்ன பெரியவருக்குக் கொடுத்த வாக்கைத்தான் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. மடியில் இருந்த பிள்ளைக்கு அது அவ்வளவாக உதவவில்லை.

பிரிட்டன் 100 ஆண்டு வைத்தது. ஆனால் 1911 தாள்கள் 2009-லேயே வெளியாகின. ரகசியத்தைச் சட்டபூர்வமாக்கிய 1920 சட்டம் அதற்கு முந்தைய கணக்கெடுப்பைக் கட்டாது என்பதுதான் காரணம். அங்கே செய்த ஏற்பாடு புத்திசாலித்தனமானது: தாளின் படத்தை மொத்தமாக மறைக்காமல், காது கேளாமை, பார்வையின்மை, மனநிலைக் குறைபாடு போன்றவற்றை எழுதிய ஒரே ஒரு பத்தியை மட்டும் மூடி வெளியிட்டார்கள். அந்தப் பத்தி 2012-ல் திறந்தது. பெயரும் தொழிலும் வெளியே தெரிவதும், ஒருவரை அக்காலச் சொற்களில் 'அறிவு குன்றியவர்' என்று எழுதியிருப்பது தெரிவதும் ஒன்றல்ல.

1939 செப்டம்பர் 29 அன்று பிரிட்டனில் எடுத்த தேசியப் பதிவேடு கணக்கெடுப்பு அல்ல. ஆனால் இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு 1942-ல் தீக்கு இரையாகி, போர்க்காலமான 1941-ல் கணக்கெடுப்பே நடக்காததால், ஆராய்வோருக்கு அதுதான் கதி. அதில் பூட்டு ஆளுக்கு ஆள் தனி. பிறந்து 100 ஆண்டு ஆகாதவர், இறந்ததாகத் தெரியாதவர் என்றால் அவருடைய வரியின் மேல் மட்டும் கறுப்புப் பட்டை விழும். அந்தப் பதிவேட்டைப் பின்னாளில் தேசிய மருத்துவ சேவை பயன்படுத்தியதால் 1991 வரையிலான இறப்புகள் அதில் குறிக்கப்பட்டன. அந்த வரிகள் திறந்திருக்கின்றன. பிழையும் அங்கேதான் வருகிறது. வெளிநாட்டில் போய் இறந்தவர் உயிரோடிருப்பவராகவே மூடிக் கிடப்பார். பிறந்த ஆண்டைத் தவறாக எழுதியிருந்தால் உயிரோடிருப்பவரின் வரி முன்கூட்டியே திறந்துவிடும். இறப்புச் சான்றிதழ் காட்டினால் மூடிய வரியைத் திறக்கலாம். வேலை அதிகம் என்றாலும், நாட்காட்டியைப் பார்த்து மொத்தமாகத் திறப்பதைவிட இதுவே நியாயமான முறை.

மக்களையே கேட்டுப் பார்த்த நாடுகளும் உண்டு. கனடாவில் 92 ஆண்டு; 1931 கணக்கெடுப்பு 2023 ஜூன் 1 அன்று அப்படித் திறந்ததுதான். 2006 முதல், பிற்காலத்தில் என் தாளை வெளியிடலாமா என்று கேட்டு, ஆம் என்றவர்களுடையதை மட்டுமே வெளியிடுவதாக வைத்தார்கள். 2021 கணக்கெடுப்பிலிருந்து அந்தச் சம்மதக் கேள்வியை நீக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியா நெடுங்காலம் தாள்களையே அழித்து வந்தது. 2001 முதல், விரும்பியவர்களின் தாளை மட்டும் 99 ஆண்டு பூட்டி வைக்கிறது. இந்தியாவின் 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவோ பதிவேட்டைப் பார்வையிடும் உரிமை எவருக்கும் இல்லை என்கிறது. அதற்குக் காலக்கெடுவும் வைக்கவில்லை.

திறந்த தாளால் உண்மையில் என்ன கெடுதி வரும்? 1950-ல் ஒரு வீடு. தலைவர், மனைவி, ஐந்து வயது மகன், அடுத்த வரியில் தலைவரின் மாமியார். மாமியாரின் குடும்பப் பெயர் பெரும்பாலும் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயராகவே இருக்கும். அந்த ஐந்து வயதுப் பையனுக்கு 2022-ல் 77 வயது. 'உங்கள் தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன?' என்று வங்கி கேட்கும் பாதுகாப்புக் கேள்விக்கு விடை, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தாளில் இருக்கிறது. மாமியார் உடன் இல்லாவிட்டாலும், தாய் 1940-ல் தன் பெற்றோர் வீட்டில் மகளாகப் பதிவாகியிருப்பார். முதல் பெயர், வயது, பிறந்த மாநிலம் மூன்றும் பொருந்தினால் போதும். குற்றம் தாளின்மேல் இல்லை. மாறவே மாறாத ஒரு தகவலைக் கடவுச்சொல் மாதிரி வைத்திருப்பவர்கள்தான் அதை நிறுத்த வேண்டும்.

பெயரைப் பூட்டினால் எல்லாம் பத்திரம் என்பதும் சரியல்ல. 1942-ல் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை முகாம்களுக்கு அகற்றியபோது, 1940 கணக்கெடுப்பிலிருந்து சிறு பகுதி வாரியாகத் தயாரித்த பெயரில்லா அட்டவணைகள் பயன்பட்டன. எந்தத் தெருவில் எத்தனை பேர் என்று தெரிந்தால் கதவைத் தட்டப் பெயர் தேவைப்படாது. பிற்காலத்தில் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை தன் 2010 அட்டவணைகளையே கணினியில் பின்னோக்கி அவிழ்த்துப் பார்த்தது: சுமார் 46 சதவீதம் பேரின் வட்டாரம், பாலினம், வயது, இனம் ஆகியவை அப்படியே மீண்டும் கிடைத்தன. அதன் விளைவாகத்தான் 2020 அட்டவணைகளில் சிறு எண்களோடு வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்தார்கள்.

1950 தாள்களில் தேடுபவர்களுக்கு ஒரு வழி. பெயர் அட்டவணையைக் கையெழுத்திலிருந்து இயந்திரம் படித்துத் தயாரித்தது. சுழித்து எழுதிய பெயர்களில் அது தடுமாறும். முகவரி தெரிந்தால் முதலில் கணக்கெடுப்பு வட்டார எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஒரு கணக்கெடுப்பாளர் குறித்த காலத்துக்குள் சுற்றி முடிக்கக்கூடிய பரப்புதான் ஒரு வட்டாரம். அதன் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவது பெரிய வேலையில்லை. வீடு அதன் இடத்தில் இல்லையென்றால் விட்டுவிடாதீர்கள். முதல் தடவை போனபோது ஆள் இல்லாத வீடுகளைப் பிறகு போய் 71-ஆம் எண் தாளிலிருந்து தொடங்கி எழுதினார்கள். அவை வட்டாரத்தின் கடைசியில் இருக்கும்.

அமெரிக்காவில் அடுத்துத் திறப்பது 1960 கணக்கெடுப்பு, 2032 ஏப்ரலில். அதற்குள் தன் வயதையோ பிறந்த இடத்தையோ நிரூபிக்க வேண்டியவர் கணக்கெடுப்புத் துறைக்குக் கட்டணத்துடன் விண்ணப்பித்துத் தன்னுடைய வரியின் நகலை மட்டும் பெறலாம். இறந்தவருடையது வேண்டுமென்றால் வாரிசு, இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும்.