யோக்கோசூனாவைத் தூக்கியது யார்?

கேரள-தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: "அப்பா காலத்து மல்யுத்த வீடியோ கேம் ஒன்றைக் கணினியில் ஆடிப் பார்த்தேன். அண்டர்டேக்கர் யோக்கோசூனாவை அனாயாசமாகத் தூக்கிப் போடுகிறார். இருநூறு கிலோவைத் தாண்டிய மனிதரை உண்மையிலேயே தூக்கவைத்தா படம் எடுத்தார்கள்?"

அவர் ஆடியது மிட்வே நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ரெஸில்மேனியா. காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்காக வந்து, பிறகு வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கருவிகளுக்கும் போனது. 1992-இல் மார்ட்டல் காம்பட் என்ற சண்டை விளையாட்டில் அதே நிறுவனம் கையாண்ட உத்திதான் இதிலும்: ஆளைக் கேமரா முன் நிறுத்தி அசைவுகளைப் பதிவது, வேண்டிய படங்களைப் பொறுக்குவது, பின்னணியை வெட்டி எறிவது, நிறங்களைக் குறைப்பது. மிஞ்சும் படத்துண்டுக்கு ஸ்பிரைட் என்று பெயர்.

சிக்கல் இனிமேல்தான். வீரர்கள் எட்டுப் பேர். யாரும் யாரையும் தூக்கலாம். ஒருவர் தன் நகலோடு மோதுவதையும் சேர்த்தால் 64 இணைகள். ஆளுக்கு ஐந்து பிடிகள் என்று வைத்துக்கொண்டாலே 320 காட்சிகள். அத்தனைக்கும் இருவரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுக்கப் பணமும் போதாது, இயந்திரத்தின் நினைவகமும் போதாது. எனவே இவ்வகை விளையாட்டுகளில் தூக்குபவரின் படம் தனி, தூக்கப்படுபவரின் படம் தனி.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒவ்வொரு வீரருக்கும் 'அகப்பட்ட நிலை' படங்கள் சில இருக்கும்: குறுக்கே கிடப்பது, தலைகீழாகத் தொங்குவது, முதுகு தரையில் மோதுவது. வரிசை எண் எல்லோருக்கும் ஒன்றே. தூக்குபவரின் பிடிக்குள் ஒரு பட்டியல் ஒளிந்திருக்கும். 'எதிராளியின் 3-ஆம் படத்தைக் காட்டு. என் காலடியிலிருந்து 20 திரைப்புள்ளி (பிக்சல்) முன்னே, 60 புள்ளி மேலே வை. திரை நான்கு முறை புதுப்பிக்கப்படும்வரை விடு. அடுத்து 4-ஆம் படம்.' எண்கள் நான் இட்டவை, முறை இதுதான். பிடி விழுந்த நொடியில் எதிராளியின் சொந்த நிரல் ஓய்ந்து, அவர் உடல் தூக்குபவரின் பட்டியலுக்குக் கட்டுப்பட்டுவிடும். பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் தோல்பாவைக்கூத்தில் இராமனையும் இராவணனையும் ஒரே கலைஞர் இரு கைகளில் பிடித்துச் சண்டையிட வைப்பதைப் போன்றது இது. அகப்பட்டவர் யார் என்பது பட்டியலுக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் ஸ்பிரைட் தட்டையானது. தூக்குபவரின் ஒரு கை எதிராளிக்கு முன்னாலும் மறு கை பின்னாலும் இருக்க முடியாது. மொத்த உடலும் முன்னால், அல்லது மொத்த உடலும் பின்னால். அதனால் பட்டியலில் இன்னொரு குறிப்பும் வேண்டும்: யாரை முதலில் வரைவது? தூக்கும்போது ஒரு வரிசை, விழும்போது வேறொன்று. மாற்றம் நடக்கும் கணத்தில் உடல்கள் சுழன்றுகொண்டிருந்தால் கண் அதைப் பிடிக்காது.

எடை? அதற்கும் கிலோக் கணக்கு தேவையில்லை. உச்சியில் ஒரு படத்தைச் சற்றுக் கூடுதலாக நிறுத்தி, சட்டென்று இறக்கி, தரை தொட்டதும் திரையை உலுக்கி, 'தொம்' என்று ஓர் ஒலி கொடுத்தால், மீதியை நம் மூளை சேர்த்துக்கொள்ளும்.

விளையாட்டு வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோதுதான் எடை, அதாவது படங்களின் எடை, உண்மையாகவே உறுத்தியது. 100-க்கு 160 புள்ளியில் ஒரு படம். புள்ளிக்கு 4 பிட் (அரை பைட்) என்றால் 8,000 பைட். ஆளுக்கு 300 படங்கள் என்றால் 24 லட்சம் பைட். எட்டுப் பேருக்கும் ஏறக்குறைய 2 கோடி. சூப்பர் நின்டெண்டோ என்ற வீட்டுக் கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை 40 லட்சம் பைட்டைத் தாண்டாதவை. படங்களைச் சுருக்கினாலும் இடம் நெருக்கடிதான். அந்தப் பதிப்பில் யோக்கோசூனாவும் பாம் பாம் பிகலோவும் இல்லவே இல்லை. குறுந்தகட்டில் வந்த பிளேஸ்டேஷன் பதிப்பில் எட்டுப் பேரும் உண்டு.

யோக்கோசூனாவையும் அண்டர்டேக்கரையும் பற்றிப் பேசும்போது, அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்ற கதையை விட முடியாது. எல்லையின் இரு பக்கமும் அன்றைய பிள்ளைகள் சத்தியம் செய்து நம்பிய கதை அது. 1994 ஜனவரியில் யோக்கோசூனா இன்னும் பலர் துணையோடு அவரைச் சவப்பெட்டியில் அடைத்தார். 'ஆவி' அரங்கின் கூரைக்கு ஏறியது. ஆகஸ்டில் மனிதர் திரும்பி வந்தார். இடையில் அவர் முதுகுக் காயத்துக்கு ஓய்வில் இருந்தார், அவ்வளவுதான். பிள்ளைகள் நம்பியதில் எனக்கு வருத்தமில்லை. வளர்ந்த பின்னும் கூரைக்கு ஏறும் ஆவிகளுக்குக் காணிக்கை செலுத்துகிறோமே, அதில்தான் எரிச்சல்.

இன்றைய முப்பரிமாண விளையாட்டுகளில் ஸ்பிரைட் போய், உருவத்தை உள்ளிருந்து அசைக்கும் கணினி எலும்புக்கூடு வந்துவிட்டது. இருந்தும் பிடி விழுந்ததும் இருவர் அசைவையும் ஒன்றாகப் பூட்டும் வழக்கம் போகவில்லை. ஒல்லியான ஆளை வைத்து அமைத்த பிடியைப் பருத்த ஆள்மேல் அப்படியே ஓட்டினால், தூக்குபவரின் முழங்கை எதிராளியின் வயிற்றுக்குள் புகுந்துவிடும்.