ஈப்பிடிப்பான்: சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'ஃப்ளைகேட்சர்' எனப்படும் சிறு பறவைகளுக்குத் தமிழில் நிலைபெற்றுள்ள பெயர் ஈப்பிடிப்பான். 'ஈ', 'பிடிப்பான்' என்னும் இரண்டும் சேர்ந்து, ஈயைப் பிடிக்கும் பறவை என்று வெளிப்படையாகப் பொருள் தருகின்றன. ஒற்று மிகாமல் 'ஈபிடிப்பான்' என்று எழுதுவோரும் உள்ளனர். இரு சொற்களும் இறுகி ஒரு பறவையின் பெயராகவே ஆகிவிட்டதால், ஒற்றுடன் எழுதுவதே பொருத்தம் என்பது என் கருத்து.

இப்பறவைகளின் அறிவியல் பெயருக்கு வேர் இலத்தீனில் உள்ளது. 'முஸ்கா' என்றால் ஈ. 'காபெரே' என்றால் பிடித்தல். இவ்விரண்டிலிருந்தும் அமைந்த 'மஸ்சிகாபா' என்னும் பேரினப் பெயரை 1760ஆம் ஆண்டில் பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிசோன் வகுத்தார். அதனடியாகவே 'மஸ்சிகாபிடே' என்னும் குடும்பப் பெயரும் பிறந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் இதே பறவைக்குக் 'கோப்மூஷ்' என்னும் பெயரை அறிந்திருப்பார்கள். அதில் வரும் வினைக்குப் பிடித்தல் என்பது பொருளன்று, அப்படியே விழுங்குதல் என்பதே பொருள். இலத்தீனும் ஆங்கிலமும் தமிழும் பறவை இரையைப் பற்றும் கணத்தைப் பெயராக்கின. பிரெஞ்சு மொழியோ அதற்கு அடுத்த கணத்தைப் பெயராக்கியது.

'ஈ' என்றவுடன் வீட்டில் மொய்க்கும் ஈயை மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. தேனீ, மாட்டு ஈ, பழ ஈ எனப் பலவற்றுக்கும் தமிழ் அச்சொல்லை விரித்து வழங்குகிறது. ஆங்கிலத்திலும் 'ஃப்ளை' என்பது முற்காலத்தில் பறக்கும் பூச்சி எதனையும் குறித்தது. இப்பறவைகளும் ஈயோடு கொசு, அந்துப்பூச்சி, சிறு வண்டு முதலியவற்றை உண்கின்றன. இரை தேடும் முறையிலேதான் இவற்றின் தனித்தன்மை விளங்குகிறது. நிழல் படர்ந்த ஒரு கிளையில் நிமிர்ந்து அமர்ந்து, தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் பறவை, பூச்சி கண்ணில் பட்டதும் காற்றில் பாய்ந்து, பறந்தவாறே அதைக் கவ்விக்கொண்டு, பெரும்பாலும் புறப்பட்ட கிளைக்கோ அதன் அருகிலோ திரும்பி வந்து அமர்கிறது. அடிப்பகுதி அகன்று தட்டையான அலகு இதற்கு வாய்ப்பாக அமைந்துள்ளது.

மீன்கொத்தி, மரங்கொத்தி என்னும் பெயர்களைப் பின்பற்றி 'ஈக்கொத்தி' எனப் புதிதாக ஆக்கலாமே என்று சிலருக்குத் தோன்றக்கூடும். கொத்துதல் என்பது அலகு நுனியால் குத்தி எடுத்தல். இப்பறவை செய்வதோ அந்தரத்தில் பற்றுதல். எனவே 'பிடிப்பான்' என்பதே செயலுக்கு உண்மையான சொல். அதை மாற்றத் தேவையே இல்லை.

ஆனால் இப்பெயர் ஒரு செயலைக் குறிப்பதேயன்றி உறவுமுறையைக் குறிப்பதன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பூச்சியை இவ்வாறு பாய்ந்து பிடிக்கும் பறவைகளையெல்லாம் ஒரே குடும்பத்தில் அடக்கிய காலம் உண்டு. மரபணு ஆய்வுகள் அந்த அடுக்கைக் கலைத்துவிட்டன. அமெரிக்கக் கண்டங்களில் இப்பெயருடன் வாழும் பறவைகள் 400க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் நாட்டில் பலரும் விரும்பித் தேடும் அரசவால் ஈப்பிடிப்பானும், வாலை விசிறிபோல் விரித்து ஆடும் வெண்புருவ விசிறிவாலும்கூட இப்போது மஸ்சிகாபிடே குடும்பத்தில் இல்லை. காகமும் கரிச்சானும் அடங்கிய பெருங்கிளையில் அவை வைக்கப்பட்டுள்ளன. 1758இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசு அரசவால் ஈப்பிடிப்பானைக் காகத்தின் பேரினத்திலேயே சேர்த்து எழுதியிருந்தார் என்பது இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது. இதற்கு மாறாக, ஈயைப் பற்றிய பேச்சே பெயரில் இல்லாத குண்டுக்கரிச்சானும் கருஞ்சிட்டும் இன்று மஸ்சிகாபிடே குடும்பத்தின் உறுப்பினர்கள்.

புதுச்சேரிப் பகுதியில் பறவை பார்க்க வருவோர் முதலில் செல்வது ஊசுட்டேரிக்கு. 2008இல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த அவ்வேரி நீர்ப்பறவைகளுக்கு உரிய இடம். ஈப்பிடிப்பானைத் தேடுபவர் நீர்ப்பரப்புக்கு முதுகு காட்டி, கரையோர மரங்களின் உள்நிழலைப் பார்க்க வேண்டும். அதைவிடச் சிறந்தவை இக்கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு, வீரை, காசா முதலிய மரங்கள் அடர்ந்த அத்தகைய இடம். 1968இல் ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டபின் வறண்ட செம்மண் மேட்டில் மரம் வளர்த்து உருவாக்கப்பட்ட அதன் காடுகளும், நகரத்துக்குள்ளேயே பழைய மரங்களுடன் நிற்கும் தாவரவியல் பூங்காவும் தேடத் தக்கவை. கடலூர்ப் பக்கத்தில் கெடிலக் கரையின் மரச்செறிவும், பண்ருட்டி வட்டாரத்தின் பழைய மா, பலாத் தோப்புகளும் இப்பறவைகளுக்கு ஏற்ற நிழலைத் தருகின்றன. கோயில்காட்டுக்குள் செல்வோர் வழிபட வருவோருக்கு இடையூறு செய்யாமல், ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை அழைக்காமல் பார்ப்பதே முறை.

காலம், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் முதல் மார்ச் வரை. அப்போது வலசை வரும் ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பான் ஏறத்தாழ 13 செ.மீ. நீளமே உடையது. சாம்பல் கலந்த பழுப்பு உடலும், பெரிய கண்ணைச் சூழ்ந்த வெளிறிய வளையமும் அதன் அடையாளங்கள். இதன் அறிவியல் பெயரில் உள்ள 'டவுரிக்கா' என்பது பைக்கால் ஏரிக்குக் கிழக்கே உள்ள டவுரியா நிலப்பகுதியைக் குறிக்கிறது. சைபீரியாவிலும் இமயத்திலும் கூடு கட்டும் இப்பறவை குளிர்காலத்தைத் தெற்கே கழிக்கிறது. ஒரே கிளைக்கு மீண்டும் மீண்டும் திரும்பும் பழக்கத்தால், ஒருமுறை கண்டுவிட்டால் நின்ற இடத்திலிருந்தே நெடுநேரம் பார்க்கலாம்.

அதே காலத்தில் வரும் அரசவால் ஈப்பிடிப்பானுக்கு வேதிவால் குருவி என்ற பெயரும் உண்டு. முதிர்ந்த ஆணின் நடுவால் இறகுகள் 30 செ.மீ. அளவுக்கு நீளக்கூடும். ஆணில் வெண்ணிறமும் செம்பழுப்பும் ஆகிய இரு வடிவங்கள் உள்ளன. பெண்ணுக்கும் இளம் ஆணுக்கும் வால் குட்டை, நிறம் செம்பழுப்பு. ஆகவே வெள்ளைப் பறவை ஒன்றையும் செம்பழுப்புப் பறவை ஒன்றையும் அடுத்தடுத்துக் கண்டவர் உடனே இணை என்று குறித்துக்கொள்ளக் கூடாது. செம்பழுப்புப் பறவையின் வால் நீளத்தைப் பார்க்க வேண்டும். நீண்ட வாலிருந்தால் அதுவும் ஆண். குட்டை வாலாயின், தொண்டை சாம்பல் நிறமா, தலையைப் போலக் கருநிறமா என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பெண்ணின் தொண்டை சாம்பல் நிறம் கொண்டது.